அக்காவின் ரிப்போர்ட்டும் ஹெப்-2 செல்லும்

போன வருஷம் திருச்சியிலிருந்து அக்கா ஒரு லேப் ரிப்போர்ட்டை வாட்ஸப்பில் அனுப்பினாள். "தம்பி, இதுல என்ன போட்டிருக்குன்னு பார்த்துச் சொல்லுடா. டாக்டர் சொன்னதுல பாதிதான் புரிஞ்சுது" என்று கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ். நான் டாக்டர் இல்லை. புனேயில் பொட்டி தட்டிப் பிழைக்கும் சாதாரண ஆள். ஆனாலும் கம்ப்யூட்டர் தெரிந்தவனுக்கு எல்லாம் தெரியும் என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை இருக்கிறதே, என்ன செய்ய!

ஏ.என்.ஏ. பாசிட்டிவ், 1:320 என்று இருந்தது. அதற்குக் கீழே பொடி எழுத்தில், சோதனைக்குப் பயன்படுத்தியது ஹெப்-2 செல்கள் என்று ஒரு வரி. யாரும் படிக்காத வரி அது. எனக்கு அதுதான் கண்ணில் பட்டது. அக்காவின் ரத்தத்தை யாரோ ஒருவருடைய செல்லின் மேல் விட்டுப் பார்த்திருக்கிறார்கள். அந்த யாரோ யார்? தேட ஆரம்பித்தேன். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் தேடினேன். அப்போது படித்ததும் பிறகு படித்ததும் சேர்ந்ததுதான் இந்தப் பதிவு.

முதலில் அக்காவின் கதை, சுருக்கமாக. வயது 46. ஆரம்பத்தில் அசதி, மூட்டு வலி, பசியின்மை. ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் என்சைம்கள் ஏறியிருந்தன. "ஃபேட்டி லிவர், எடையைக் குறைங்க" என்றார்கள் ஒரு இடத்தில். பிறகு கண் மஞ்சளானது. சொந்தக்காரர்கள் மஞ்சள் காமாலை என்று முடிவு கட்டி, கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தார்கள். மஞ்சள் குறைந்தது. ரெண்டு மாதம் கழித்துத் திரும்ப வந்தது. இன்னொரு இடத்தில் ஸ்கேன் பார்த்துவிட்டு, ஈரல் சுருங்க ஆரம்பித்திருக்கிறது என்று சொல்லி, "குடிப்பழக்கம் உண்டாம்மா?" என்று கேட்டார்களாம். டாக்டர் கேட்டது தப்பில்லை, கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் டிகிரி காபிக்கு மேல் எதையும் தொடாத அக்கா அங்கேயே அழுதுவிட்டாள். அந்தக் கேள்வி எப்படியோ தெரு வரைக்கும் போய், மாமாவையும் சேர்த்து நாலு பேர் ஒரு மாதிரி பார்த்தார்கள். கடைசியில் ஒரு கல்லீரல் டாக்டர் இந்தச் சோதனைகளையும் பயாப்சியையும் செய்து சரியான பெயரைச் சொன்னார். ஆட்டோ இம்யூன் ஹெப்படைடிஸ். பெயர் தெரிய எட்டு மாதம்.

இந்த நோயின் சரித்திரத்தைப் படிக்கப் போனால், அதுவே தப்பான பெயர்களின் சரித்திரமாக இருக்கிறது. நோய்க்குத் தப்பான பெயர். அதைக் கண்டுபிடிக்க உதவும் செல்லுக்குத் தப்பான பெயர். அந்தச் செல் யாருடையதோ, அந்தப் பெண்ணுக்கும் தப்பான பெயர். எந்தத் தப்பால் என்ன கெட்டது, எதனால் ஒன்றும் கெடவில்லை என்று பார்த்தால் விஷயம் விளங்கும்.

நோயிலிருந்து ஆரம்பிக்கிறேன். நம் உடம்பின் எதிர்ப்பு சக்தி கிருமிகளை அடிக்க வேண்டியது. சில பேருக்கு அது ஏனோ திரும்பி, சொந்தக் கல்லீரலையே அடிக்கிறது. வேலியே பயிரை மேய்வது என்று சொல்வோமே, அதேதான். குடியால் வருவதில்லை, தொற்றுவதில்லை. பெண்களுக்கு அதிகம் வருகிறது.

1950-ல் ஸ்வீடன் நாட்டு மருத்துவர் யான் வால்டன்ஸ்ட்ரோம், ஜெர்மனியில் நடந்த ஒரு கூட்டத்தில், இளம்பெண்களுக்கு வரும் ஒரு நீடித்த கல்லீரல் அழற்சியை விவரித்தார். கண் மஞ்சள், மாதவிலக்கு நின்றுபோவது, ரத்தத்தில் காமா குளோபுலின் என்ற புரதம் எக்கச்சக்கமாக ஏறியிருப்பது. காமா குளோபுலின் என்பது பெரும்பாலும் எதிர்ப்பொருள்கள்தான். உடம்பு எதையோ எதிர்த்து மும்முரமாகச் சண்டை போடுகிறது என்று அர்த்தம். எதை எதிர்த்து? தெரியவில்லை. அடுத்த வருஷம், 1951-ல், நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிலையத்தில் ஹென்றி குங்கெல் குழுவும் இதே மாதிரிப் பெண்களைப் பற்றி எழுதியது. காரணம் தெரியாத கல்லீரல் நோய் என்றுதான் அவர்களும் சொல்ல முடிந்தது.

இதற்குக் கொஞ்சம் முன்னால், 1948-ல், அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் மால்கம் ஹார்கிரேவ்ஸ் குழு லூபஸ் நோயாளிகளிடம் ஒரு விசித்திரமான செல்லைப் பார்த்திருந்தது. ஒரு வெள்ளை அணு இன்னொரு செல்லின் உட்கருவை அப்படியே விழுங்கிவிட்டு உட்கார்ந்திருக்கும். எல்.ஈ. செல் என்று பெயர் வைத்தார்கள். 1955-ல் மெல்போர்னில் ஜோஸ்கே, கிங் என்ற இருவர், நீடித்த கல்லீரல் அழற்சி உள்ள சிலரிடமும் இந்தச் செல் இருப்பதைக் கண்டார்கள். 1956-ல் அதே ஊரில் இயன் மக்காய் குழு இந்த நோய்க்கு "லூபாய்டு ஹெப்படைடிஸ்" என்று பெயர் கொடுத்தது. லூபஸ் மாதிரியான கல்லீரல் அழற்சி என்று பொருள்.

முதல் தப்பான பெயர் இதுதான். இந்த நோயாளிகளில் பெரும்பாலோருக்கு லூபஸ் கிடையாது. ஆனால் அந்தப் பெயரில் ஒரு நல்ல யோசனை ஒளிந்திருந்தது. கல்லீரலைக் கெடுப்பது வைரஸோ சாராயமோ மட்டும்தான் என்றில்லை, உடம்பே கெடுக்கலாம் என்ற யோசனை. அந்தக் காலத்தில் அது சுலபமாக ஏற்கக்கூடிய விஷயம் இல்லை. உடம்பு தன்னைத்தானே தாக்காது என்று பால் எர்லிக் காலத்திலிருந்தே ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருந்தது. 1956-ல் லண்டனில் ராய்ட், டோனியாக் குழு ஒரு தைராய்டு நோயில் சொந்த உறுப்புக்கு எதிரான எதிர்ப்பொருளைக் காட்டிய பிறகுதான் அது ஆட்டம் கண்டது. மக்காய் வேலை பார்த்த வால்டர் அண்ட் எலைசா ஹால் நிலையத்தின் தலைவர் மக்ஃபார்லேன் பர்னெட். 1960-ல் நோபல் பரிசு வாங்கியவர். "தன்னது எது, அந்நியம் எது" என்பதை எதிர்ப்பு சக்தி எப்படிக் கற்றுக்கொள்கிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. 1963-ல் பர்னெட்டும் மக்காயும் சேர்ந்து ஆட்டோ இம்யூன் நோய்கள் பற்றி ஒரு புத்தகமே எழுதினார்கள்.

பெயர்ச் சண்டை அதோடு முடியவில்லை. "நீடித்த தீவிர ஹெப்படைடிஸ்" என்று வேறொரு பெயர் வந்தது. அந்தப் பையில் எல்லாவற்றையும் போட்டார்கள். ஹெப்படைடிஸ் பி வைரஸுக்குச் சோதனை வந்த பிறகு அந்த நோயாளிகளைப் பிரித்தெடுத்தார்கள். 1989-ல் ஹெப்படைடிஸ் சி வைரஸ் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு இன்னும் கொஞ்சம் பேர் பிரிந்தார்கள். 1992-ல் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் பல நாட்டு வல்லுநர்கள் கூடிப் பேசி, அடுத்த வருஷம் "ஆட்டோ இம்யூன் ஹெப்படைடிஸ்" என்ற பெயரை உறுதியாக்கினார்கள். வால்டன்ஸ்ட்ரோம் சொன்னதிலிருந்து கணக்குப் பார்த்தால் நாற்பது வருஷத்துக்கு மேல்! அக்காவுக்கு எட்டு மாதம் ஆனதில் ஆச்சரியம் இல்லை.

பெயர் எதுவானால் என்ன, மருந்து கொடுத்தால் சரி என்று நினைக்கலாம். இல்லை. லண்டனில் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் ஷீலா ஷெர்லாக் குழு ஒரு சோதனை நடத்தி 1971-ல் முடிவை வெளியிட்டது. மொத்தம் 49 நோயாளிகள். 22 பேருக்குப் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு, 27 பேருக்கு அது இல்லை. சில வருஷங்களில் மருந்து எடுத்த 22 பேரில் இறந்தவர்கள் 3 பேர். எடுக்காத 27 பேரில் 15 பேர். இத்தனைக்கும் இது விலை குறைந்த, சாதாரண மாத்திரை. வைரஸ் காமாலைக்கு அது மருந்தில்லை, கெடுதலாகக்கூட முடியலாம். இந்த நோய்க்கு அதுதான் உயிர். அதனால்தான் பெயர் முக்கியம்.

சரி, அந்தப் பெயரைச் சொல்ல உதவிய செல்லுக்கு வருவோம். அதற்கும் அதே 1951-க்குத்தான் போக வேண்டும். குங்கெல் அந்த இளம்பெண்களைப் பற்றி எழுதிய வருஷம்.

பால்டிமோர் நகரம், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை. ஹென்ரியட்டா லேக்ஸ் என்ற கறுப்பினப் பெண். புகையிலைத் தோட்டத்தில் வேலை செய்து வளர்ந்தவர், ஐந்து குழந்தைகளின் தாய். கருப்பைவாய்ப் புற்றுநோய். சிகிச்சையின்போது கட்டியிலிருந்து ஒரு சிறு துண்டை எடுத்து ஜார்ஜ் கை என்பவரின் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அவரிடம் யாரும் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் கேட்கும் வழக்கமும் இல்லை. ஆய்வக உதவியாளர் மேரி குபிசெக் அதைக் கண்ணாடிக் குழாய்களில் வைத்து, பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து "ஹீலா" என்று எழுதி ஒட்டினார்.

அதுவரை மனித செல்களை உடம்புக்கு வெளியே வளர்க்க முயன்றால் கொஞ்ச நாளில் செத்துப்போகும். இவை சாகவில்லை. சுமார் ஒரு நாளைக்கு ஒருமுறை இரட்டிப்பாகிக்கொண்டே போயின. சாதாரண மனித செல் ஐம்பது முறை போலப் பிரிந்ததும் நின்றுவிடும் என்று 1961-ல் லெனார்ட் ஹேஃப்லிக் காட்டினார். ஹீலா செல்லில் எச்.பி.வி.-18 என்ற வைரஸின் மரபணுக்கள் புகுந்து பிரேக்கைக் கழற்றிவிட்டிருந்தன. ஒவ்வொரு முறை பிரியும்போதும் குரோமோசோமின் நுனி தேயாமல் பார்த்துக்கொள்ளும் டெலோமெரேஸ் என்ற என்சைமும் அதில் ஓயாமல் வேலை செய்தது. இதெல்லாம் பல வருஷங்கள் கழித்துத் தெரிந்தது. சுருக்கமாகச் சொன்னால் சாகாவரம்.

வரம் செல்லுக்கு மட்டும்தான். ஹென்ரியட்டா 1951 அக்டோபர் 4-ம் தேதி, 31 வயதில் இறந்துபோனார். சொந்த ஊரில் புதைத்தார்கள். 2010 வரை அந்தக் கல்லறைக்கு ஒரு பெயர்க்கல்கூட இல்லை. போலியோ தடுப்பூசியைச் சோதிக்க அவருடைய செல்கள் கோடிக்கணக்கில் வளர்க்கப்பட்டன. பத்திரிகைகளில் அவர் பெயர் "ஹெலன் லேன்" என்று வந்தது. உண்மையான பெயர் 1971-ல்தான் ஒரு மருத்துவ இதழில் அச்சானது.

இப்போது கல்லீரலும் சாகாத செல்லும் சந்திக்கும் இடம். உடம்புக்குள் இருக்கும்போது கல்லீரல் மாதிரி வளரும் உறுப்பு கிடையாது. ஒரு பகுதியை வெட்டி எடுத்தாலும் மீண்டும் வளர்ந்துவிடும். அதே கல்லீரல் செல்லை எடுத்துக் கண்ணாடித் தட்டில் போட்டால், சில நாட்களில் தன் வேலையையே மறந்துவிடும், பிரிவதும் இல்லை. ஆராய்ச்சியாளர்களுக்குப் பெரிய தலைவலி. அதனால் 1954-ல் ஹார்வர்டில் ஷிமன் சாங் என்பவர், சாதாரண மனிதக் கல்லீரலிலிருந்து நிற்காமல் வளரும் செல்களைப் பெற்றுவிட்டதாக அறிவித்தபோது எல்லோரும் குதூகலமாக வாங்கிக்கொண்டார்கள். "சாங் கல்லீரல் செல்" என்று பெயர். அதற்கு ரெண்டு வருஷம் முன்னால், 1952-ல், நியூயார்க்கில் ஆலிஸ் மூர் குழு ஓர் ஆணின் குரல்வளைப் புற்றுநோயிலிருந்து ஒரு செல் வரிசையை உருவாக்கியிருந்தது. அதன் பெயர் ஹெப்-2. ஆம், அக்காவின் ரிப்போர்ட்டில் இருந்த அதே பெயர்.

1966-ல் பென்சில்வேனியாவின் பெட்ஃபோர்டில் செல் வளர்ப்போரின் மாநாடு. ஸ்டான்லி கார்ட்லர் என்ற மரபியலாளர் எழுந்து ஒரு குண்டைப் போட்டார். ஜி-6-பி.டி. என்ற என்சைமில் ஏ வகை என்று ஒன்று உண்டு. அது கிட்டத்தட்ட ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் மட்டுமே காணப்படுவது. அவர் சோதித்த, வெவ்வேறு மனிதர்களிடமிருந்து வந்ததாகச் சொல்லப்பட்ட 18 செல் வரிசைகளிலும் அதே ஏ வகை! ஹென்ரியட்டா கறுப்பினப் பெண். அதனால் இவை எல்லாமே ஹீலாதான் என்பது அவருடைய முடிவு. ஒரே பிப்பெட், ஒரு சின்னத் துளி, கவனிக்காமல் விட்ட ஒரு புட்டி போதும். ஹீலா உள்ளே புகுந்து மற்றதை விட வேகமாக வளர்ந்து மூடிவிடும். நெல் வயலில் கோரை புகுந்த மாதிரி.

அதே ஹேஃப்லிக், தன் மகள் பிறந்தபோது கிடைத்த பனிக்குடச் சவ்விலிருந்து ஒரு செல் வரிசை வைத்திருந்தார். அதுவும் பட்டியலில் இருந்தது. மனைவிக்கு ஃபோன் போட்டுக் கேட்டேன், பயப்படத் தேவையில்லை என்றார் என்று அவர் மேடையில் ஜோக் அடித்ததாகச் சொல்வார்கள். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் பலர் கார்ட்லரை நம்ப விரும்பவில்லை. நம்பினால் பல வருஷ வேலை வீண். 1970-களில் வால்டர் நெல்சன்-ரீஸ் என்பவர் குரோமோசோம்களைப் பார்த்து மாறிப்போன செல்களின் பட்டியலை வெளியிட்டபோது, அவருக்குக் கிடைத்தது பாராட்டை விட வசவுதான் அதிகம்.

சாங் கல்லீரல் செல் கல்லீரலே இல்லை. ஹீலா. ஹெப்-2 ஆணின் குரல்வளை இல்லை. அதுவும் ஹீலா.

இந்தக் குழப்பம் ஹென்ரியட்டாவின் வீட்டு வாசல் வரைக்கும் வந்தது. எது ஹீலா, எது இல்லை என்று பிரித்துப் பார்க்கக் குடும்பத்தாரின் ரத்தம் தேவைப்பட்டது. 1973-ல் ஆராய்ச்சியாளர்கள் வந்து பிள்ளைகளிடம் ரத்தம் எடுத்தார்கள். எதற்கென்று அவர்களுக்கு விளங்கும்படி யாரும் சொல்லவில்லை. அம்மாவுக்கு வந்த புற்றுநோய் தனக்கும் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள் என்று நினைத்து மகள் முடிவுக்காகக் காத்திருந்தார். அம்மாவின் செல்கள் உலகம் முழுக்க உயிரோடு இருக்கின்றன என்பதே அந்த வருஷம்தான் அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்தது. அவர்கள் அப்போது மருத்துவக் காப்பீட்டுக்கே திண்டாடிக்கொண்டிருந்தவர்கள்.

இதைப் படித்ததும் எனக்கு உடனே வந்த கவலை வேறு. அப்படியானால் அக்காவின் சோதனையும் தப்பா?

தப்பில்லை. ஏ.என்.ஏ. சோதனை எப்படி நடக்கிறது என்று பார்த்தால் ஏன் என்று புரியும். கண்ணாடித் துண்டில் ஹெப்-2 செல்களை வளர்த்து, அதன் மேல் நோயாளியின் ரத்த நீரை விடுவார்கள். செல்லின் உட்கருவை எதிர்க்கும் எதிர்ப்பொருள் அதில் இருந்தால் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதைக் காட்ட ஒளிரும் சாயம் சேர்த்த இன்னொரு எதிர்ப்பொருளை விட்டு, மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் பச்சையாக மின்னும். ரத்த நீரை 320 மடங்கு நீர்த்த பிறகும் மின்னினால் 1:320. ஆரம்பத்தில் இதற்கு எலி மாதிரியான பிராணிகளின் கல்லீரல், சிறுநீரகச் சீவல்களைத்தான் பயன்படுத்தினார்கள். பிறகு ஹெப்-2 வந்தது. மனித செல், உட்கரு பெரிது, எந்நேரமும் பிரிந்துகொண்டிருப்பதால் பிரியும் நிலையில் மட்டும் தெரியும் பாகங்களும் தெரியும். இந்தச் சோதனைக்கு வேண்டியது இவ்வளவுதான். அந்த உட்கரு குரல்வளையிலிருந்து வந்ததா, கருப்பைவாயிலிருந்து வந்ததா என்பது இங்கே பிரச்சினையே இல்லை. பெயர் தப்பு, வேலை சரி.

(ஆரோக்கியமான சிலருக்கும் இந்தச் சோதனை பாசிட்டிவாக வரும். இதை மட்டும் வைத்து நோய் என்று சொல்ல முடியாது. ஐ.ஜி.ஜி. அளவு, வேறு எதிர்ப்பொருள்கள், வைரஸ் சோதனைகள், பயாப்சி எல்லாம் சேர்த்துத்தான் டாக்டர் முடிவு செய்கிறார்.)

ஆனால் சாங் செல்லின் கதை அப்படி இல்லை. அங்கே பெயர்தான் சரக்கு. "சாதாரணக் கல்லீரல் செல்லில் இந்த மருந்து இப்படி வேலை செய்கிறது" என்று எழுதியவர்கள் உண்மையில் பார்த்தது கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் செல்லில். 2017-ல் நெதர்லாந்தைச் சேர்ந்த இரண்டு ஆராய்ச்சியாளர்கள் கணக்கெடுத்தபோது, இப்படி மாறிப்போன செல் வரிசைகளைப் பயன்படுத்திய கட்டுரைகள் 32,755 என்று வந்தது. உண்மையான கல்லீரல் செல் வரிசையிலும் பெயர்ப் பிழை நடந்திருக்கிறது. அர்ஜென்டினாவைச் சேர்ந்த 15 வயதுப் பையனின் கட்டியிலிருந்து வந்த ஹெப்-ஜி-2 செல்கள் 1979-ல் உலகுக்கு அறிமுகமாயின. பெரியவர்களுக்கு வரும் கல்லீரல் புற்றுநோய் என்றே முப்பது வருஷம் சொல்லிவந்தார்கள். 2009-ல் திரும்பப் பார்த்தபோது அது குழந்தைகளுக்கு வரும் ஹெப்படோபிளாஸ்டோமா என்று தெரிந்தது. மருந்துகளை உடைக்கும் என்சைம்கள் பல அதில் மிகக் குறைவு. எனவே "செல்லில் பாதுகாப்பாக இருந்தது" என்பது "உங்கள் ஈரலில் பாதுகாப்பாக இருக்கும்" என்று ஆகிவிடாது.

இதை நம் ஊர் விஷயத்தோடு சேர்த்துச் சொல்லியே ஆக வேண்டும். நான் இருக்கும் புனேயில்தான் தேசிய செல் அறிவியல் மையம் இருக்கிறது. இந்திய ஆய்வகங்களுக்குச் செல் வரிசைகளைச் சேமித்து வழங்கும் இடம். நம் நாட்டிலும் வெளிநாட்டிலும், சாங் செல்லில் மூலிகைச் சாற்றை விட்டுப் பார்த்து "கல்லீரலைக் காக்கிறது" என்று எழுதிய கட்டுரைகள் உண்டு. அந்தச் செல் ஹீலா என்று உலகச் சேமிப்பகங்களின் பட்டியலே இன்று வெளிப்படையாகச் சொல்கிறது. வாட்ஸப்பில் "விஞ்ஞானிகள் நிரூபித்துவிட்டார்கள்" என்று வரும்போது, எந்தச் செல்லில் என்று ஒரு கேள்வி கேட்டுக்கொள்வது நல்லது.

கீழாநெல்லி பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1988-ல் சென்னையின் தியாகராஜன் குழு, நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கோடு சேர்ந்து, ஹெப்படைடிஸ் பி உள்ளவர்களுக்குக் கீழாநெல்லி உதவுகிறது என்று லான்செட் இதழில் எழுதினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு மற்ற இடங்களில் நடந்த சோதனைகளில் அதே பலன் கிடைக்கவில்லை. அதைவிட முக்கியம், அது ஹெப்படைடிஸ் பி பற்றிய ஆராய்ச்சி. ஆட்டோ இம்யூன் ஹெப்படைடிஸ் ஏறி இறங்கும் நோய். சில பேருக்கு மஞ்சள் தானே குறைந்து மறுபடி வரும். குறைந்தபோது பெயர் கீழாநெல்லிக்குப் போய்விடுகிறது. உள்ளே ஈரல் சுருங்கிக்கொண்டே இருக்கும். எங்கள் வீட்டில் நடந்தது அதுதான். யாரும் கெட்ட எண்ணத்தில் கொடுக்கவில்லை. பாசத்தில் அரைத்துக் கொடுத்தார்கள். ஆனால் போன மாதங்கள் போனதுதான்.

கொரோனா சமயத்தில் எதிர்ப்பு சக்திக்கு என்று வீட்டுக்கு வீடு சீந்தில் கஷாயம் குடித்தோமே, நினைவிருக்கிறதா? வட இந்தியாவில் கிலோய் என்பார்கள். 2021-ல் மும்பை டாக்டர்கள், அதைக் குடித்தபின் கல்லீரல் பாதிக்கப்பட்ட ஆறு பேரைப் பற்றி எழுதினார்கள். ஆட்டோ இம்யூன் ஹெப்படைடிஸ் போன்ற பாதிப்பு. ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. அடுத்த வருஷம் பல ஊர் மருத்துவமனைகள் சேர்ந்து 43 பேரின் விவரத்தை வெளியிட்டன. எதிர்ப்பு சக்தி ஏற்கெனவே தப்பாகத் திரும்பியிருக்கும் உடம்பில் அதைத் தூண்டிவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தால் போதும்.

இன்னொரு பெயர் மாற்றத்தையும் சொல்கிறேன், ஏனென்றால் அது நல்லபடியாக முடிந்தது. ஆட்டோ இம்யூன் ஹெப்படைடிஸுக்கு ஒரு சகோதர நோய் உண்டு. கல்லீரலுக்குள் இருக்கும் சின்னச் சின்ன பித்தக் குழாய்களை எதிர்ப்பு சக்தி தாக்குவது. 1965-ல் லண்டனில் டெபோரா டோனியாக், ஷெர்லாக் முதலியோர், இந்த நோயாளிகளின் ரத்தத்தில் மைட்டோகாண்ட்ரியாவை எதிர்க்கும் எதிர்ப்பொருள் இருப்பதைக் காட்டினார்கள். இன்றைக்கும் இந்த நோயைக் கண்டுபிடிக்க அந்தச் சோதனைதான். இதன் பெயர் "பிரைமரி பிலியரி சிரோசிஸ்" என்று இருந்தது. சிரோசிஸ் என்றதுமே குடி என்று ஊர் நினைக்கும், அமெரிக்காவானாலும் ஆண்டிப்பட்டியானாலும். இத்தனைக்கும் பல நோயாளிகளுக்கு சிரோசிஸ் நிலையே வந்திருக்காது. நோயாளிகள் சங்கங்கள் விடாமல் கேட்டு, 2015-ல் மருத்துவ இதழ்கள் பெயரை "பிரைமரி பிலியரி கோலாஞ்சைடிஸ்" என்று மாற்றின. மருந்தில் மாற்றமில்லை. ஒரு சொல்தான் போனது. அந்தச் சொல்லால் தெருவில் தலைகுனிந்த பெண்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

ஹென்ரியட்டா விஷயத்திலும் தாமதமாகவாவது சிலது நடந்தது. 2010-ல் ரெபெக்கா ஸ்க்ளூட் எழுதிய புத்தகம் அவருடைய கதையை உலகத்துக்குச் சொன்னது. 2013-ல் ஹீலாவின் மரபணு விவரங்களைப் பயன்படுத்துவது பற்றி அமெரிக்க தேசிய சுகாதார நிலையங்கள் குடும்பத்தோடு ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தன. 2023-ல் குடும்பம் தொடுத்திருந்த வழக்கில் தெர்மோ ஃபிஷர் நிறுவனம் சமரசம் செய்துகொண்டது.

அக்கா இப்போது மாத்திரையில் இருக்கிறாள். என்சைம்கள் இறங்கிவிட்டன. முகம் கொஞ்சம் ஊதியிருக்கிறது, ஸ்டீராய்டின் வேலை. சுருங்கியது சுருங்கியதுதான், ஆனால் மேலே போகாமல் பிடித்து நிறுத்தலாம் என்கிறார் டாக்டர். இந்தக் கதையை எல்லாம் ஃபோனில் சொன்னபோது பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், "அந்தப் பொண்ணுக்கு எத்தனை பிள்ளைங்கன்னு சொன்னே?" என்றாள். அஞ்சு என்றேன். "கடைசிப் பிள்ளை அப்ப சின்னதா இருந்திருக்குமே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பிறகு மாத்திரை நேரமாச்சு என்று வைத்துவிட்டாள்.

நம்மில் பலர் புனே, பெங்களூர், டெல்லி, மும்பை என்று இருந்துகொண்டு, ஊரில் இருக்கும் அம்மா, அக்கா, அத்தைகளின் உடம்பை ஃபோனிலேயே கவனித்துக்கொள்கிறோம். "கொஞ்சம் மஞ்சளா இருக்கு, நாட்டு மருந்து குடுத்திருக்கோம்" என்பதை அப்படியே கேட்டுவிட்டு வைத்துவிடுகிறோம். மஞ்சள் காமாலை என்பது நோயின் பெயரே இல்லை, அடையாளம் மட்டும். அடுத்த முறை ஊரிலிருந்து அந்த வார்த்தை வந்தால், எதனால் காமாலை என்று டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள். வைரஸ் இல்லை, கல் இல்லை, குடி இல்லை என்றால், ஆட்டோ இம்யூன் சோதனை பார்த்தாச்சா என்று கேளுங்கள். வாங்கிச் சாப்பிடும் எல்லாவற்றையும், கஷாயம் உட்பட, டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். ரிப்போர்ட்டுகளை வாங்கி வரிசையாக வைத்துக்கொள்ளுங்கள். பொடி எழுத்தையும் சேர்த்துப் படியுங்கள்.